புதுப்பிப்பு: அம்மாவின் தொண்டை நோவுக்குக் கேட்ட கைமருந்து

மாரி மழை தொடங்கியபின் அம்மாவுக்கு எச்சில் விழுங்கவும் முடியாத தொண்டை நோவு, காய்ச்சல் இல்லை என்று சொல்லி, அதற்குக் கைமருந்து என்னவென்று முன்பு இங்கு கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி. நோவு முற்றாக மாறிவிட்டது.

முதலில் கைகொடுத்தது உப்புத் தண்ணீர். ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் காலையும் மாலையும் படுக்கைக்கு முன்பும் கொப்பளித்தபோது விழுங்குவது இலகுவானது. ஆனால் இரவில் வந்த வறட்டு இருமலை அடக்கியது கோண்டாவிலில் இருந்து ஒரு அக்கா பதிலில் எழுதிய மல்லித் தண்ணீர்தான்: மல்லியை இலேசாக வறுத்து, தட்டிய வேர்க்கொம்பும் (சுக்கு) நாலைந்து மிளகும் சேர்த்து, இரண்டு குவளை நீர் ஒன்றாக வற்றும்வரை அவித்து வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சூட்டோடு குடிக்கவேண்டும்.

எதிர்பாராதது ஒன்றுண்டு. பலர் சொன்ன அதிமதுரத்தை வாங்கப் போனபோது, அம்மாவுக்குப் பிரசர் இருப்பதை அறிந்த மருந்துச் சரக்குக் கடை ஐயா அதைத் தர மறுத்துவிட்டார். அதிலுள்ள கிளைசிரைசின் என்ற இனிப்புப் பொருள் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைத்து, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பதைக் கிளினிக் மருத்துவரும் உறுதிப்படுத்தினார். ஆகவே பிரசர்க் குளிசை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதிமதுரத்தைத் தொடவேண்டாம்.