எருக்கிலையின் வெண்பஞ்சுக்கு எந்தச் சொல்?

பாசிர் ரிஸ் தோட்டக்காரர்:
சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் சமூகத் தோட்டச் செடிகளுக்குத் தமிழில் விளக்கப் பலகைகள் எழுதி வருகிறோம். அறிவியல் பெயர் லத்தீனில்தான் இருக்கும். அதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இலையையும் பூவையும் விவரிக்கும் சொற்களையும் 'டொமெண்டோஸ்' (பஞ்சுபோல் பின்னிய ரோமம் கொண்டது), 'கிளாப்ரஸ்' (ரோமமற்றது) என்று அப்படியே தமிழ் எழுத்தில் தர வேண்டும் என்பது என் நிலைப்பாடு. எருக்கின் தளிரைக் கட்டைவிரலால் தேய்த்தால் வெள்ளைப் பஞ்சு மாவுபோல விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்துத் தொட்டித் துளசியின் தண்டிலோ ஒவ்வொரு ரோமமும் தனித்தனியே நீட்டிக்கொண்டிருப்பது காலை வெயிலில் தெரிகிறது. எங்கள் முதல் வரைவு இரண்டையும் 'ரோமம் உள்ளது' என்றே சொன்னது. லத்தீன் மரபில் பின்னிப் படிந்த ரோமத்துக்கு ஒரு சொல், முரடாக நீட்டி நிற்பதற்கு ஒரு சொல், பட்டுப்போல் படிந்து மின்னுவதற்கு ஒரு சொல் என்று தனித்தனியே இருக்கும்போது, நாம் ஏன் மங்கலாக எழுத வேண்டும்?

உட்லண்ட்ஸ் ஆசிரியை:
ஐயா, உங்கள் வரைவு மங்கலாக இருந்ததற்குத் தமிழ் பொறுப்பன்று. நீங்கள் போற்றும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 'டொமெண்டம்' என்பது ரோமானியர் தலையணைக்குள் அடைத்த கம்பளி, இறகு முதலியவை. மகரந்தத்தாளைக் குறிக்கும் 'ஸ்டேமன்' தறியின் பாவு நூல். சூலகத்துக்கு வழங்கும் 'பிஸ்டில்' உலக்கை. அல்லி வட்டமான 'கொரோலா' சிறு மாலை. எல்லாம் வீட்டுச் சொற்கள். 1751இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் நூலில் இத்தகைய சொற்களுக்கு வரையறை வகுத்தார். அதன்பின் அவை கலைச்சொற்களாக நிலைத்தன. அதே வேலையைத் தமிழில் செய்ய நம்மிடம் மரபும் இருக்கிறது. புறத்தே வயிரம் (கெட்டியான பகுதி) கொண்டவை புல், அகத்தே வயிரம் கொண்டவை மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது; ஓலை, மடல், பாளை, ஈர்க்கு ஆகியவற்றைப் புல்லின் உறுப்புகளாகவும் தளிர், சினை முதலியவற்றை மரத்தின் உறுப்புகளாகவும் சொல்கிறது. அந்தப் பிரிவின்படி புல்லான தென்னையின் கீற்றைத் 'தென்னை இலை' என்று சொன்னால் இன்றும் நம் காதுக்கு உறுத்துகிறதே! மேலும், தாவரவியலாளர்களே 2012 முதல் லத்தீனைக் கட்டாயமாக்கவில்லை.

பாசிர் ரிஸ் தோட்டக்காரர்:
அந்த விதியை முழுமையாகச் சொல்ல வேண்டும், அம்மா. புதிய தாவர இனத்தை முறைப்படி வெளியிட 1935 முதல் 2011 வரை லத்தீன் விளக்கம் கட்டாயமாக இருந்தது. 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. ஆனால் அந்த ஆங்கில விளக்கங்களில் இருப்பவை ஈறு மட்டும் மாறிய அதே லத்தீன் சொற்கள்தாம். மாவிலையை நாம் 'வழுவழுப்பானது' என்று எழுதினோம். 'கிளாப்ரஸ்' என்பதன் லத்தீன் வடிவமான 'கிளாபர்' என்பதற்கு அது பொருளன்று. ரோமம் இல்லை என்பது மட்டுமே பொருள். வழுவழுப்புக்கு 'லேவிஸ்' என்று தனிச்சொல் இருக்கிறது. தமிழாக்கியதும் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டன.

புக்கிட் தீமா வழிகாட்டி:
நான் வார இறுதிகளில் காட்டு நடைகளுக்குக் குழுக்களை அழைத்துச் செல்பவன். சிங்கப்பூரில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி இனங்கள் மூன்று. அவற்றில் 'நெபந்தஸ் கிராசிலிஸ்' மெலிந்தது, 'நெபந்தஸ் ஆம்புல்லேரியா' குடுவை போன்றது என்று பெயரைப் பிரித்துச் சொன்னவுடன், உருண்டு திரண்ட குடுவை எந்தச் செடியினுடையது என்று பிள்ளைகளே காட்டிவிடுகிறார்கள். தொட்டாற்சுருங்கிக்கு லத்தீனில் 'புடிக்கா', அதாவது நாணமுள்ளது. மலாய்க்காரர்கள் 'செமாலு' என்பதும் அதே நாணத்தைத்தான். பொருள் திறந்தால்தான் சொல் மனத்தில் நிற்கும் என்பதால் நான் ஆசிரியை பக்கம். ஆயினும் வரையறை இல்லாமல் எழுதினால், ஒரே தமிழ்ச் சொல் ஒரு தோட்டத்தில் ஒன்றையும் அடுத்த தோட்டத்தில் வேறொன்றையும் குறிக்கும்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை:
'கிளாபர்' பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். 'வேர்த்தூவி' பாடநூல்களில் ஏற்கெனவே வழங்குவதால் ரோமத்துக்குத் 'தூவி' என்பதையே அடிச்சொல்லாகக் கொள்வோம்: எருக்குக்குப் 'பஞ்சுத்தூவி', துளசிக்கு 'நிமிர்தூவி', மாவிலைக்குத் 'தூவியற்றது'. எல்லாப் பலகைகளுக்கும் பொதுவாக, நுழைவாயிலில் இவற்றின் வரையறையைப் படத்துடன் வைத்துவிடலாம்.

பாசிர் ரிஸ் தோட்டக்காரர்:
'பஞ்சுத்தூவி' நன்றாக இருக்கிறது. எருக்குப் பலகையில் அதையே எழுதுகிறேன். ஆனால் கெத்தாப்பாங் (நாட்டுவாதுமை) இலைக்கு என்ன செய்வது? 'ஓவேட்' என்றால் காம்பருகே அகன்ற முட்டை. முன்னால் 'ஆப்' சேர்த்தால் நுனியருகே அகன்றது. 'தலைகீழ் முட்டை வடிவம்' என்கிறார்கள். முட்டைக்கு எது தலை, எது கீழ் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

உட்லண்ட்ஸ் ஆசிரியை:
'காம்பருகே குறுகி, நுனியருகே அகன்றது' என்று எழுதுங்கள். சொற்கள் கூடினாலும், பலகையின் முன் நிற்பவர் இலையைக் கையில் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பாசிர் ரிஸ் தோட்டக்காரர்:
சரிபார்க்கலாம், ஆனால் அது விளக்கமே தவிர சொல்லன்று. அந்த ஒரு பலகையில் விளக்கத்துக்குப் பக்கத்தில் 'ஆபோவேட்' என்பதையும் எழுதி வைக்கிறேன். அதைவிட நல்ல தமிழ்ச் சொல் கிடைக்கும் நாளில் நானே அழித்துவிடுகிறேன்.