ஃபில்டர் மறைத்த படகுகள்: உங்கள் அனுபவம் என்ன?

பாம்பனிலிருந்து:
மூன்று வருடமாகியும் அந்தக் காலை மனசை விட்டுப் போகவில்லை. எந்தெந்த விசைப்படகு இன்னும் கரை சேரவில்லை என்று காட்டும் பக்கம், நான் எழுதியது. ஏழு மணிக்கு ஓர் அக்கா போனை நீட்டினார். “தம்பி, எங்க போட்டு வரலைன்னு காட்டுதே?” கை நடுங்கியது. படகு 4.40-க்கே வந்து மீன் இறக்கிக்கொண்டிருந்தது. சர்வர் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நமக்கு ஐந்தரை மணி பின்னால். 4.40 என்பது முந்தின நாள் இரவு 11.10 என்று பதிவாகி, ‘இன்று வந்தவை’ ஃபில்டரில் சேரவே இல்லை. நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டித் தேதி எடுத்தேன், சரியாகிவிட்டது.

மண்டபத்திலிருந்து:
உங்களுக்கு வந்த படகு வரவில்லை என்று காட்டியது. எங்களுக்கு வராத படகே வந்ததாகிவிட்டது, அதுதான் பயங்கரம். வருகைப் பதிவில் இல்லாத படகுகளை எடுக்க, ‘இந்தப் பட்டியலில் இல்லாதவை’ என்று கேட்கும் நாட் இன் நிபந்தனை போட்டிருந்தோம். யாரோ படகு எண்ணைத் தேர்வு செய்யாமலே ஒரு வருகையைச் சேமித்துவிட்டார்கள். அந்த ஒரு நல், அதாவது மதிப்பே இல்லாத காலி இடம், இருந்தால் போதும், தரவைக் கேட்கும் குவெரி ஒரு வரிகூடத் தராது, பிழைச் செய்தியும் வராது. மீன்பிடித் தடைக்காலத்து 61 நாளும் நாங்களே போட்ட பதிவுகளில்தான் சோதித்தோம், எல்லாவற்றிலும் எண் இருந்தது. பட்டியல் காலியாக இருக்கவும், எல்லாரும் வந்தாச்சு என்று வீட்டுக்குப் போனோம். இன்ஜின் நின்ற ஒரு படகைச் சாயங்காலம் இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. மறுநாளே, நல் இருந்தாலும் தடுமாறாத நாட் எக்சிஸ்ட்ஸ் என்று மாற்றினேன்.

தொண்டியிலிருந்து:
பாம்பன் நண்பரே, அந்தத் தீர்வை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்தரை மணி கூட்டினால், வேகமாகத் தேட அந்த நேரத்துக்குப் போட்ட இன்டெக்ஸ் பயன்படாது. பதிவு பெருகப் பெருகப் பக்கம் திணறும். பதிவைத் தொடாதீர்கள், தேதியின் எல்லையை மாற்றுங்கள். நம் ஒரு நாள் என்பது யுடிசியில் முந்தின நாள் 18.30 முதல் அன்று 18.30 வரை. தொடக்கத்துக்கு ‘அதற்குச் சமம் அல்லது மேல்’, முடிவுக்கு ‘அதற்குக் கீழ்’ என்று போடுங்கள். ‘இதிலிருந்து இதுவரை’ என்று கேட்கும் பிட்வீன் வேண்டாம், அது இரண்டு முனையையும் சேர்த்துக்கொள்ளும், நடு இரவு 12 மணிப் பதிவு இரண்டு நாளிலும் வரும். அப்புறம், மண்டபத்தார் படகு எண் பத்தியில் நல் ஏறவே முடியாதபடி டேபிளிலேயே தடுத்திருக்க வேண்டும். குவெரியை மட்டும் திருத்தினால் எண் இல்லாத வருகை அப்படியே கிடக்கும், அது யாருடைய படகு?

என் கதை சின்னது. ‘தொண்டி’ என்று தேடினால் பாதிப் படகுகள்தான் வந்தன. ‘தொ’வில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஃபில்டர் வேறு வேறு ஊராக எடுத்துக்கொண்டது. சேமிக்கும்போதே, இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு பெரியவர் என் எதிரில் உட்கார்ந்து ஊர்ப்பெயரை மூன்று முறை அடித்துக் காட்டினார். “நான் சரியாத்தானே தம்பி அடிக்கிறேன்?”