பி.எட். முடித்திருக்கிறேன், தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைக்குமா?

கேள்வி: திண்டுக்கல்லில் 6 வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசா பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியான 7 நாட்டவருக்குத்தான் என்று கைவிரித்துவிட்டார்கள். தாய்லாந்து சரிவருமா?

பதில் 1: சரிவரும் அக்கா. நான் சியாங் மாயில் நான்காவது வருடம். நம்மைப் போன்றவர்களிடம் டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண்ணாவது கேட்பார்கள். எனக்கு வேலை வாங்கித் தந்தது மாதிரி வகுப்புதான்: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், 20 நிமிடம், கையில் ஒரு கூடை பழம். அப்புறம், சுற்றுலா விசாவில் மட்டும் வேலையில் சேராதீர்கள். முதல் பள்ளி என்னை அப்படி இழுத்தடித்தது. இரவில் தூக்கமே வராது.

பதில் 2: பி.எட். பெரிய பலம். தாய்லாந்தின் ஆசிரியர் மன்றமான குருசபா தரும் ஆசிரியர் உரிமத்துக்கு அது கைகொடுக்கும். காவல்துறைச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. நாளைக்கே டோயிக்குக்குப் பதிவு செய்கிறேன்.