புதுப்பிப்பு: உணவு வண்டி டீப் டிஷ் பீட்சா, அடி நமுத்துப்போகாமல் இருக்க

போர்ட்லாந்தில் உணவு வண்டியொன்றில் வாங்கும் சிகாகோ டீப் டிஷ் பீட்சா (ஆழமான தட்டில் சுடும் கனமான பீட்சா) வீடு வருவதற்குள் அடியில் நமுத்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது இரும்புத் தோசைக்கல் யோசனைதான். பெட்டியின் மூடியைச் சற்றுத் திறந்தபடியே கொண்டுவந்து, துண்டைச் சூடான கல்லில் வைத்துச் சிறுதீயில் விட்டேன். அடி மொறுமொறுவென்று ஆனது. ஓரத்தில் சீஸ் கருகிப் பிடித்த இடம் அபார ருசி! மைக்ரோவேவில் மாவு ரப்பராகிவிட்டது.

வண்டியில் பீட்சாவுக்குக் காத்திருக்க வேண்டியிருப்பதைப் பலர் குறை சொல்லியிருந்தீர்கள். இந்தக் கனத்துக்கு அடுப்பில் அரை மணி நேரமாவது வேண்டும், அது நியாயமே. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எதிர்பாராத ஒன்று: இதில் சீஸ் கீழே, தக்காளி சாஸ் மேலே. மேல்பக்கம் சூடேறட்டும் என்று கல்லை மூடினால் நீராவி இறங்கி மறுபடி நமுத்துவிடுகிறது. கடைசி நிமிடத்தில் மட்டும் மூடுங்கள்.