பழைய உள்ளூர் கார்ட்டூன் திரெட் – புதுப்பிப்பு
சின்ன வயசுல பார்த்த மலேசிய கார்ட்டூன் எது ஞாபகம் இருக்குன்னு கேட்டிருந்தேன்ல, முக்காவாசி பேரு கெலுவாங் மேன்தான்னு போட்டிருக்கீங்க, மனநல ஆஸ்பத்திரியில இருந்து ராத்திரி நைசா வெளிய வந்து திருடனைப் புடிக்கிற ஹீரோ, இப்ப யோசிச்சா செம தைரியமான கதை லா. அது 1998. உசோப் சொந்தோரியன் அதுக்கும் முன்னாடி, 1996.

செந்தூல் அக்கா ஒருத்தங்க சாங் கஞ்சில் (அந்த புத்திசாலி சருகுமான் கதை) கேட்டாங்க. அக்கா, மேட்டரே அதுலதான்! அரசாங்கத்தோட பட நிறுவனம் ஃபிலெம் நெகாராவுல ஆனந்தம் சேவியர்னு ஒருத்தர் 1978லயே முடிச்ச ‘ஹிகாயத் சாங் கஞ்சில்’தான் நாட்டோட முதல் அனிமேஷன் குறும்படம், ஆனா வெளியானது 1983லதான், அத்தனை வருஷம் பொட்டிக்குள்ளேயே இருந்திருக்கு பாருங்க.

பேட்மிண்டன் வீரருங்க சிடேக் அண்ணன் தம்பிங்க அஞ்சு பேரப் பத்தின கார்ட்டூன யாருமே சொல்லல, அவங்க ஊரு பந்திங் ஆளுங்க எல்லாம் தூக்கமா?