அமெரிக்க நடிகை, இயக்குநர் கிரெட்டா கெர்விக்கின் படங்களில் உங்களை விடாத ஒரு காட்சி (பார்பிக்கு முந்தையவை மட்டும்)

சுருள்பெட்டி:
‘ஃபிரான்சஸ் ஹா’வில் அந்த ஏடிஎம். கெர்விக்தான் ஃபிரான்சஸ். வரிப் பணம் திரும்ப வந்த குஷியில் நண்பனைச் சாப்பிடக் கூட்டிப்போகிறாள், கார்டு செல்லவில்லை, பணம் எடுக்க ஓடுகிறாள். மெஷின் 3 டாலர் கட்டணம் கேட்கிறது. தயங்குகிறாள் பாருங்கள், அந்த இடம்! திரும்பி ஓடிவரும்போது விழுந்து, கையில் ரத்தத்தோடு வந்து உட்காருகிறாள். ‘காசில்லை’ என்று ஒரு வசனம் கிடையாது. ஸ்பாட்டில் பேசிப் பேசியே வளர்ந்த நடிகைக்குத்தான் இதெல்லாம் வரும்.

கறுப்புவெள்ளை:
சார், கடைசி வரி தப்பு. ஸ்பாட்டில் பேசியது 2007இல் ஜோ ஸ்வான்பெர்க் எடுத்த ‘ஹன்னா டேக்ஸ் தி ஸ்டேர்ஸ்’ படத்தில். அங்கே நடிகர்களே பேசி உருவாக்கினார்கள், அதனால் எழுத்து டைட்டிலிலும் கெர்விக் பெயர் உண்டு. அடுத்த வருடம் ‘நைட்ஸ் அண்ட் வீக்கெண்ட்ஸ்’: எழுத்து, நடிப்பு, இணை இயக்கம். அப்படி எடுப்பதில் வலி எடிட்டிங்கில்தான். டேக்குக்கு டேக் வசனம் மாறும், ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறுவார், ஒரே கேமரா என்றால் வெட்டி ஒட்ட வழியில்லை.
2012இல் வந்த ‘ஃபிரான்சஸ் ஹா’ இதற்கு நேர் எதிர். இயக்குநர் நோவா பாம்பாக்கும் கெர்விக்கும் மெயிலில் மாற்றி மாற்றி எழுதியது. திக்கல், இழுவை எல்லாம் ஸ்கிரிப்டிலேயே இருந்தவை. செட்டில் வசனத்தைத் தொடவில்லை, டேக் மேல் டேக் போனார்கள்.

லென்ஸ்மூடி:
எனக்கு அதே படத்தில் வரும் தபால் பெட்டி. ‘ஃபிரான்சஸ் ஹாலடே’ என்ற பெயர்ச் சீட்டு முழுதாக நுழையாமல் ‘ஹா’வோடு மடிகிறது.
இது கேனான் 5டி மார்க் 2 என்ற ஸ்டில் கேமராவில் எடுத்த கறுப்புவெள்ளைப் படம், ஒளிப்பதிவு சாம் லெவி. உடனே அந்தக் கேமராவை வாடகைக்கு எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளிப் 4 ஜிபியைத் தாண்டாது, சுமார் 12 நிமிடத்தில் தானே நின்றுவிடும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் கேமராவை வேகமாகப் பக்கவாட்டில் திருப்பினால் கட்டடம் சாயும். ஓடுகிற ஆளைப் பக்கவாட்டில் தொடர்ந்தால், ஆள் ஃபிரேமில் ஒரே இடத்தில் நிற்கும்படி கேமராவும் அதே வேகத்தில் போகட்டும், பின்னணி சாய்வது அவ்வளவாகத் தெரியாது. பொடிக்கட்டச் சட்டை வேண்டாம், மோயரே என்கிற பொய்யான வரிக்கோலம் அலையடிக்கும். கறுப்புவெள்ளையாக்கினால் அதன் நிறம்தான் போகும், அலை போகாது. சிவப்புச் சட்டையும் பச்சைச் சுவரும் ஒரே சாம்பலாகிவிடலாம், முன்னாலேயே டெஸ்ட் எடுங்கள். 8 பிட் கோப்பு, வெளுத்துப்போன ஜன்னலைப் பிறகு மீட்க முடியாது. கேமரா மைக், ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்கு மட்டும். வசனத்துக்குத் தனி ரெக்கார்டர், கூடவே கிளாப்.

சுருள்பெட்டி:
கறுப்புவெள்ளை சொன்னது சரி, வாபஸ். ஆனால் எழுதுகிறவர் என்றால் அளந்து எழுதுகிறவர் என்று நினைக்க வேண்டாம். கெர்விக் எழுதி இயக்கிய ‘லேடி பேர்ட்’ (2017) ஆரம்ப வரைவு சுமார் 350 பக்கம். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்றால் ஆறு மணி நேரத்துக்குக் கிட்ட. வந்த படம் 94 நிமிடம்.

மணல்தேரி:
எழுத்து டைட்டில் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. அமெரிக்க எழுத்தாளர் சங்க விதிப்படி, இரண்டு பெயருக்கு நடுவே ஆம்பர்சாண்ட் (&) குறி இருந்தால் சேர்ந்து எழுதினார்கள் என்று பொருள். ‘அண்ட்’ (and) என்று எழுத்தில் போட்டால் தனித்தனியாக எழுதியது, பெரும்பாலும் ஒருவர் வரைவை மற்றவர் திருத்தியது. பாம்பாக், கெர்விக் நடுவே இருப்பது குறி. ஸ்பாட்டில் வசனம் உண்டாக்கும் நடிகைகள் தங்கள் எழுத்து டைட்டிலை முதல் நாள் ஷூட்டிங்குக்கு முன்பே ஒப்பந்தத்தில் ஏற்றிவிட வேண்டும். எடிட் முடிந்தபின் எந்த வரி யாருடையது என்று நிரூபிக்கக் காகிதமே இருக்காது.