கப்பி மீன் நகராமல் நின்ற இடத்திலேயே உடம்பை நெளிக்கிறது, குட்டிகள் செத்துப் பிறக்கின்றன – உதவி தேவை

வேளச்சேரி_வாசகன்:
வணக்கம். இரண்டடித் தொட்டி, சுமார் 50 லிட்டர் பிடிக்கும். ஸ்பாஞ்ச் பில்டர் ஓடுகிறது, ஜாவா மாஸ் பாசி நிறைய இருக்கிறது. சென்னை கொளத்தூரில் வாங்கிய கப்பிகள், ஆண் 4, பெண் 9. வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தன. இப்போது பெண் மீன்கள் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நகராமல் ஒரே இடத்தில் நின்று நெளிகின்றன. தீனி போட்டால் வருகின்றன, ஆனால் தின்றுவிட்டு மறுபடியும் அதே மூலைக்குப் போய்விடுகின்றன. ஒரு பெண் போட்ட குட்டிகளில் பாதி வெளுத்துப்போய், வயிற்றில் மஞ்சள் கருவோடு செத்தே பிறந்தன. ஆண்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன.

கடையில் கேட்டேன். மெத்திலீன் ப்ளூ கொடுத்தார்கள். தொட்டி நீலமானது, வேறொன்றும் ஆகவில்லை. கொசுவுக்காகச் சாக்கடையில் விட்டால்கூடப் பிழைத்துக்கொள்ளும் மீன் இது. இவ்வளவு சுத்தமான தண்ணீரில் ஏன் சாகிறது?

மதுரைக்காரன்:
வாயோரம் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதாவது தெரிகிறதா தம்பி? இருந்தால் அது பூஞ்சை இல்லை, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. வெயில் காலத்தில் வேகமாகப் பரவும். எதற்கும் கல்லுப்பு போட்டு வையுங்கள், கப்பி தாங்கும்.

கோவை_அக்கா:
மருந்து, உப்பு எல்லாவற்றையும் கொஞ்சம் நிறுத்துங்கள் தம்பி. மெத்திலீன் ப்ளூவை முழுத் தொட்டியில் ஊற்றினால் பில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: என்ன தண்ணீர் விடுகிறீர்கள்? பிஎச், அம்மோனியா எவ்வளவு? மலத்துவாரத்தில் சிவப்பு நூல் மாதிரிப் புழு ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா?

வேளச்சேரி_வாசகன்:
பஞ்சு இல்லை, சிவப்பு நூலும் இல்லை அக்கா. தண்ணீர் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் வருவதுதான். எங்கள் போர் தண்ணீர் குழாய் முனையிலேயே வெள்ளையாகப் படியும், துவரம்பருப்பு வேகாது. அதை மீனுக்கு எப்படி விடுவது என்றுதான் நாங்கள் குடிக்கிற தண்ணீரையே விடுகிறேன். மீட்டரில் ஆர்.ஓ. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 38, தொட்டியில் 70. பிஎச் கிட்டில் இருக்கும் கடைசி நிறம், அதாவது 6. அம்மோனியா 1, நைட்ரைட் 0. வெப்பம் 29 டிகிரி.

கோவை_அக்கா:
இதுதான் விஷயம். கப்பி கடின நீர் மீன். அதற்குக் கால்சியம், மெக்னீசியம் கரைந்த தண்ணீர் வேண்டும், பிஎச் 7-லிருந்து 8 வரை இருக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டும் கிட்டத்தட்டக் கிடையாது. துடுப்பை ஒட்டிக்கொண்டு நின்ற இடத்தில் நெளிவது கப்பி, மோலி மாதிரிக் குட்டி போடும் மீன்களில் பெரும்பாலும் தண்ணீர் ஒத்துக்கொள்ளாததன் அடையாளம். சுமக்கிற பெண்ணுக்குத்தான் முதலில் அடி விழும், குட்டிகளும் முழுதாக வளராமல் வெளியே வந்துவிடும்.

சாக்கடையில் பிழைக்கிறதே என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. சாக்கடைத் தண்ணீர் அழுக்காக இருக்கும், ஆனால் உங்கள் ஊரில் அது கடின நீர். கொளத்தூர்ப் பக்கம் வளர்ப்பவர்களிடமும் சிமென்ட் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அதில் பிறந்து வளர்ந்த மீனை 38-க்குக் கொண்டுவந்தால் என்ன செய்யும்?

இன்னொன்று. பில்டர் பாக்டீரியா அம்மோனியாவைச் சிதைக்கும்போது அமிலம் உண்டாகிறது. சாதாரணத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் அதைத் தாங்கிக்கொள்ளும். உங்கள் தண்ணீரில் தாங்க ஒன்றுமில்லை, பிஎச் சரிந்துகொண்டே போகும். 6-க்கு வந்துவிட்டால் அந்த பாக்டீரியாவின் வேலையே ஏறக்குறைய நின்றுவிடும். உங்கள் அம்மோனியா 1-ல் நிற்பது அதனால்தான், மருந்தும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கலாம்.

சேலம்_கப்பி_பண்ணை:
அப்புறம் என்ன யோசனை? பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் போர் தண்ணீரை ஊற்றுங்கள் சார். என்னிடம் 1200 டி.டி.எஸ்.ஸில் குட்டி குட்டியாகப் போடுகிறது.

கோவை_அக்கா:
வேண்டவே வேண்டாம். சேலம் அண்ணன் சொல்வது புதுத் தொட்டிக்குச் சரி. இதில் அம்மோனியா இருக்கிறது. பிஎச் 6-ல் அது ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் என்ற வடிவில் கிடக்கும், மீனுக்கு அவ்வளவு விஷமில்லை. அதே தண்ணீரை 8-க்கு ஏற்றினால் நூற்றில் ஆறேழு பங்கு நேரடி அம்மோனியாவாக மாறிவிடும். இப்போது இருப்பதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு! ஏற்கெனவே நொந்துபோன மீன்கள் அதைத் தாங்காது. 'போர் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ.தான் நல்லது' என்று பலர் முடிவு கட்டுவது இப்படி ஒரே நாளில் மாற்றிவிட்டுத்தான்.

முதலில் இப்போது விடுகிற ஆர்.ஓ.விலேயே இன்று மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள், நாளையும் அதேபோல. இரண்டு நாள் தீனி வேண்டாம். அம்மோனியா 0.25-க்குக் கீழே வரும்வரை இதைத் தொடருங்கள். பிறகு போர் தண்ணீரை வாளியில் பிடித்து, இரவு முழுக்க ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு வைத்து, காலையில் ஒரு லிட்டர், மாலையில் ஒரு லிட்டர் சேருங்கள். அதே அளவை வெளியே எடுத்துவிடுங்கள். அம்மோனியாவைத் தினமும் பாருங்கள், ஏறினால் அன்றைக்குப் போர் தண்ணீர் கிடையாது. டி.டி.எஸ். 400 பக்கம் வந்ததும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மதுரைக்காரன்:
சரிதான் அக்கா, என் உப்பு யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கல்லுப்பில் கால்சியம் எங்கே இருக்கிறது, சோடியம்தானே.

வேளச்சேரி_வாசகன்:
ரொம்ப நன்றி அக்கா. குளியலறைக் குழாயில் பார்த்தேன், 940 காட்டுகிறது. அதைப் பிடிக்கலாமா? போன வருஷம் அபார்ட்மென்டில் சாஃப்ட்னர் போட்டார்கள், ஆனால் மீட்டர் ஒன்றும் குறையவில்லை.

ரயில்வே_காலனி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், இது எனக்குத் தெரிந்த வேலை. சாஃப்ட்னர் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடும். டி.டி.எஸ். மீட்டர் எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது, எவ்வளவு என்றுதான் சொல்லும். அதனால் 940 அப்படியே நிற்கும், கப்பிக்கு வேண்டியது மட்டும் போயிருக்கும். சோப்புப் போட்டுப் பாருங்கள். நன்றாக நுரைத்தால் அது சாஃப்ட்னர் தாண்டி வந்த தண்ணீர். மோட்டார் ரூமில் சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கும், செக்யூரிட்டியிடம் கேளுங்கள்.

கண்ணன்_தொட்டி:
கால்சியம்தான் வேண்டுமென்றால் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து விடலாமே?

கோவை_அக்கா:
தம்பி, அது வாயையே வேக வைக்கும். பிஎச் ஒரேயடியாக ஏறி மீன் அங்கேயே முடிந்துவிடும். சுண்ணாம்பு ஆவதற்கு முந்தைய கிளிஞ்சல் போடலாம். கடற்கரைக் கிளிஞ்சலைக் கொதிக்க வைத்துக் கழுவி, ஒரு கைப்பிடி வலைப்பையில் கட்டி பில்டர் பக்கத்தில் வைத்தால் போதும். தண்ணீர் அமிலமாகும்போது கரையும், பிஎச் ஏறியதும் கரைவது தானாகக் குறையும். ஆனால் இதையும் அம்மோனியாவை இறக்கிய பிறகுதான் வைக்க வேண்டும்.

வேளச்சேரி_வாசகன்:
நிலவரம் சொல்கிறேன். மோட்டார் ரூம் குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை, அதைத்தான் பிடித்தேன். இடையில் ஒரு நாள் அம்மோனியா 0.5-க்கு ஏறியது, அன்று ஆர்.ஓ. மட்டும் மாற்றினேன். இப்போது தொட்டியில் 410, பிஎச் 7.4, அம்மோனியா 0. நெளிவது நின்றுவிட்டது, துடுப்பை விரித்துக்கொண்டு சுற்றுகின்றன. ஆரம்பத்தில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் போய்விட்டன. நேற்று ஒரு பெண் குட்டி போட்டிருக்கிறது, பாசிக்குள் பதினைந்து குட்டியாவது தெரிகிறது, எல்லாம் உயிரோடு. அவற்றைப் பிரித்து எடுக்கவா?

சேலம்_கப்பி_பண்ணை:
வாழ்த்துகள் சார். எல்லாம் பிழைக்க வேண்டுமென்றால் எடுத்துவிடுங்கள், தாயே தின்னும். குட்டிகளைத் தனியாக விட இந்தத் தொட்டித் தண்ணீரையே நிரப்புங்கள். தீனியைப் பொடித்து நாளைக்கு நாலு தடவை துளித்துளியாகப் போடுங்கள், மொய்னா என்ற நுண்ணிய உயிர்த் தீனி கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம். டியூபிஃபெக்ஸ் புழு வேண்டாம், சாக்கடையில் எடுப்பது.

மூன்று வாரம் ஆனதும் பெண்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். ஆணுக்கு அடித்துடுப்பு குச்சி மாதிரி நீள ஆரம்பிக்கும், பெண்ணுக்கு வயிற்றோரம் கரும்புள்ளி தெரியும். பெரிய பெண்கள் ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும். அதனால் இனிமேல் நல்ல ஆணாகப் பார்த்து வாங்கி விட்டாலும், அடுத்த சில ஈற்றுகள் கடைத்தொட்டி ஆண்களின் சாயலில்தான் வரலாம். நிறம் கலையாமல் ஒரு வகையைக் கொண்டுபோக ஆசை இருந்தால், இந்தக் குட்டிகளில் ஆணோடு சேராத பெண்ணை எடுத்து வைத்துத் தொடங்குங்கள்.

வேளச்சேரி_வாசகன்:
சரி அண்ணா, பிரிக்க ஒரு அடித் தொட்டி போதுமா?

சேலம்_கப்பி_பண்ணை:
இப்போதைக்குப் போதும். இரண்டு வாங்குங்கள், ஆணும் பெண்ணும் பிரியும்போது எப்படியும் தேவைப்படும்.